ருட்கர் கோப்லாண்ட்: கேட்டதும் சொன்னதும்

டச்சுக் கவிஞர் ருட்கர் கோப்லாண்ட் பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கே: ஐயா, இவர் யார்? பெயரே எனக்குப் புதிது.

இயற்பெயர் ருட்கர் ஹென்ட்ரிக் ஃபான் டென் ஹோஃப்டாக்கர். 1934இல் கிழக்கு நெதர்லாந்தில் பிறந்தவர். குரோனிங்கனில் மருத்துவம் படித்து, மனநல மருத்துவராகி, அதே ஊரில் பேராசிரியரும் ஆனார். கோப்லாண்ட் என்பது கவிதைக்கு வைத்துக்கொண்ட பெயர். முதல் தொகுப்பு 1966இல் வந்தது. டச்சு இலக்கியத்தின் பெரிய கௌரவமான பி. சி. ஹோஃப்ட் பரிசு 1988இல் கிடைத்தது. 2012இல் காலமானார்.

கே: ஒரே ஒரு கவிதை படிக்கலாம் என்றால் எது?

'இளம் லெட்டூஸ்'. லெட்டூஸ் என்பது பச்சையாகச் சாப்பிடும் ஒரு கீரை. 1969இல் வந்த தொகுப்பில் இருக்கிறது, சின்னக் கவிதை. எதையும் தாங்குவேன் என்று ஒருவர் ஆரம்பிக்கிறார். அவரைக்கொடி வாடுவதையும் பூக்கள் சாவதையும் தாங்குவாராம். உருளைக்கிழங்குப் பாத்தியைத் தோண்டும்போது கண்ணில் ஒரு சொட்டு நீர் வராதாம். அந்த விஷயத்தில் அவர் கல்நெஞ்சக்காரராம். ஆனால் செப்டம்பரில், அப்போதுதான் நட்டு, இன்னும் துவண்டு, ஈரப் பாத்தியில் கிடக்கும் லெட்டூஸ் நாற்று? அதை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை. கவிதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

செப்டம்பர் என்பதைக் கவனியுங்கள். அங்கே குளிர் வந்துகொண்டிருக்கும் மாதம். காய்ந்த கொடியும் செத்த பூக்களும் தம் காலத்தை வாழ்ந்து முடித்தவை. நாற்று இப்போதுதான் தொடங்குகிறது.

கே: கீரைக்குக் கண்ணீரா? கொஞ்சம் மிகையாகத் தெரியவில்லையா, சார்?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாதிக் கவிதை வரை அவர் தன் உறுதியைப் பற்றித்தான் பேசுகிறார். நமக்கும் லேசாகச் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நாற்று வந்துவிடுகிறது. அழுகையை ஒரு இடத்தில்கூட வர்ணிக்கவில்லை. கோப்லாண்டை 'பழைய நினைவில் உருகும் கவிஞர்' என்று ஒதுக்குகிறவர்கள் பிந்தைய தொகுப்புகளைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். போகப் போக உருக்கம் வடிந்து, கேள்வி மட்டும் நிற்கிறது.

கே: மருத்துவத் தொழில் கவிதைக்குள் வந்ததா?

அவர் பார்க்கும் விதத்தில் வந்தது என்பேன். மனச்சோர்வுக்கும் தூக்கத்துக்கும் உள்ள தொடர்பு அவருடைய ஆய்வுத் துறை. கடும் மனச்சோர்வில் இருப்பவர் ஓர் இரவு முழுக்க விழித்திருந்தால், பலருக்கு மறுநாள் மனம் தெளிகிறது. தூங்கி எழுந்ததும் பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. இதையெல்லாம் ஆராய்ந்தவர் ஆறுதலை எளிதில் நம்ப மாட்டார். எல்லாம் தெரிந்தவர்களாக மருத்துவர்கள் நடந்துகொள்வதைக் கண்டித்து, சொந்தப் பெயரில் ஒரு நூலும் எழுதியிருக்கிறார். கவிதையிலும் ஒன்றைச் சொல்லிவிட்டு, 'அது உண்மைதானா' என்று தானே கேட்பார்.

கே: அண்ணா, அப்பா தவறி மூன்று மாதம் ஆகிறது. எனக்கு ஏதாவது சொல்வீர்களா?

'விட்டுப் போதல்' என்ற கவிதையைப் படியுங்கள் தம்பி. போவது என்பது வீட்டிலிருந்து நழுவி, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு திரும்பாமல் இருப்பது போன்றதில்லை என்று தொடங்கும். போனவர், மற்றவர்கள் காத்திருக்கும் ஒருவராகவே இருக்கிறார் என்கிறது. அப்புறம் இன்னும் ஒரு படி போய், போவதே ஒருவகையில் தங்குவதுதான் என்கிறது. சொர்க்கம், மறுபிறவி என்று எந்த வாக்குறுதியும் அதில் இல்லை. அதனால்தான் உங்களுக்குச் சொல்லத் தோன்றியது. ஒரே மூச்சில் வேண்டாம், மெதுவாகப் படியுங்கள்.

கே: டச்சு தெரியாதவர்கள் எங்கே தொடங்குவது?

ஜேம்ஸ் பிராக்வேயின் ஆங்கில மொழிபெயர்ப்பில் தொடங்கலாம். நாவலாசிரியர் கூட்ஸியும் 2004இல் வெளியிட்ட டச்சுக் கவிதைத் தொகுப்பில் இவரைச் சேர்த்திருக்கிறார். முதலில் லெட்டூஸ், பிறகு மற்றவை.