மாஸ்க் பதிவு விடுபட்டதே காரணம்

வணக்கம். காரைக்குடி வீட்டுப் பழைய பேரேடுகளின் ஸ்கேன் படங்கள் உள்ள கோப்புறையில் உங்கள் தங்கைக்குப் படிக்கும் அனுமதி சேர்க்கும் சி நிரல், அணுகல் அனுமதிப் பட்டியலை (ஏசிஎல்) எழுதும் ஏசிஎல்_செட்_ஃபைல் அழைப்பில் ஈஇன்வால் (செல்லாத உள்ளீடு) பிழையோடு நிற்பதாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பட்டியலில் பெயர் குறித்த பயனர் பதிவு ஒன்று வந்துவிட்டால், அத்தகைய பதிவுகளின் அனுமதிக்கு மேல்வரம்பு வைக்கும் மாஸ்க் பதிவும் கட்டாயம். இந்த அழைப்புகளைத் தரும் லிப்ஏசிஎல் நிரல் நூலகம் அதைத் தானாகச் சேர்ப்பதில்லை. ஆகவே பயனர் எண்ணையும் அனுமதிகளையும் அமைத்து முடித்த பிறகு மாஸ்க்கைக் கணக்கிட்டுச் சேர்க்கும் ஏசிஎல்_கால்க்_மாஸ்க்கை அழைத்து, அதன் பின்னரே எழுதுங்கள். கோப்புறைக்குள் நுழைய இயக்க அனுமதியும் தேவை.

இனிச் சேரும் படங்களுக்கும் அனுமதி வேண்டுமென்றால், அதே பட்டியலை ஏசிஎல்_டைப்_டிஃபால்ட் வகையிலும் எழுத வேண்டும். ஏற்கெனவே உள்ள கோப்புகளை அது தொடாது. எனக்குக் கவலை தருவது வேறொன்று: பின்னாளில் எவரேனும் ஒரு படத்துக்குச் சிஎச்மாட் 600 (உரிமையாளருக்கு மட்டும் படிக்க, எழுத அனுமதி தரும் கட்டளை) கொடுத்தால் மாஸ்க் வெறுமையாகி, தங்கையின் பதிவு பட்டியலில் இருந்தும் பயன்படாது.