புயல் வரும்போது சொகுசுக் கப்பல் போகலாமா, வேண்டாமா என்று முடிவு செய்வது யார்?

கேள்வி: மதுரையிலிருந்து குடும்பமாக ஏழு பேர் சென்னை போய், அங்கிருந்து இலங்கை செல்லும் சொகுசுக் கப்பலில் நான்கைந்து நாள் போய்வர நினைக்கிறோம். "நடுக்கடலில் புயல் வந்தால் போ, நில் என்று சொல்வது யார்? காசுக்காகக் கம்பெனிக்காரன் கப்பலை விட்டுவிட மாட்டானா?" என்று அப்பா கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

பதில்:

அப்பாவின் கேள்வி நியாயமானது. முடிவு செய்பவர் கப்பலின் கேப்டன். கப்பலுக்குச் சொந்தக்காரர், வாடகைக்கு எடுத்தவர், டிக்கெட் விற்றவர் என யாரும் "போயே ஆக வேண்டும்" என்று அவரைக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை. "போகாதே" என்று சொல்லத்தான் வேறு சிலருக்கும் உரிமை உண்டு.

பழைய பாம்பன் பாலத்தை நினைத்துப் பாருங்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் அங்கே சிக்னல் தானாகவே சிவப்புக்கு மாறிவிடும். மண்டபத்தில் ரயில் நிற்கும். ஓட்டுநர் யோசிக்க வேண்டியதில்லை, அதிகாரியிடம் கேட்க வேண்டியதில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ரயிலைக் கடல் கொண்டுபோன ஊர்ப்பக்கத்தில் அப்படி ஓர் ஏற்பாடு இருந்தது மிகச் சரி.

கப்பலுக்கு அப்படி ஒற்றை எண் கிடையாது. 58 கிலோமீட்டர் என்பது கடற்கணக்கில் ஏறத்தாழ 31 நாட், அதாவது மணிக்கு 31 கடல் மைல். அந்தக் காற்று ஆழ்கடலில் வீசினால் பெரிய கப்பலில் இரவுச் சாப்பாடு வழக்கம்போல நடக்கும், கொஞ்சம் ஆட்டம் தெரியும், அவ்வளவுதான். அதே காற்று துறைமுகத்துக்குள் பக்கவாட்டில் அடித்தால் கதை வேறு. சொகுசுக் கப்பல் என்பது தண்ணீருக்கு மேல் பத்து மாடிக் கட்டடம். பக்கவாட்டுப் பரப்பு 7,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 30 நாட் காற்று அதன்மேல் சுமார் 100 டன் விசையோடு தள்ளும். வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு. 60 நாட்டில் அது 400 டன்னைத் தாண்டும். கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் உந்திகள் ஒவ்வொன்றும் சில பத்து டன்தான் தரும். ஆகவே நடுக்கடலில் சமாளிக்கக்கூடிய காற்றில்கூட, குறுகலான துறைமுகத்துக்குள் நுழைய மாட்டேன் என்று கேப்டன் திரும்பிவிடுவார். பயணிகள் "வானம் தெளிவாகத்தானே இருக்கிறது, ஏன் இறக்கிவிடவில்லை" என்று கோபப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, அலைக்கும் அலைக்கும் இடையே எத்தனை விநாடி, கப்பல் எந்தப் பக்கம் முகம் காட்டுகிறது, தப்பி ஓட எவ்வளவு கடல் மிச்சம் இருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் ஆபத்து. அதைச் சிவப்பு விளக்கால் தீர்மானிக்க முடியாது என்பதால்தான் அதிகாரத்தை ஒரு மனிதரிடம் கொடுத்திருக்கிறார்கள்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான உலக ஒப்பந்தத்துக்குச் சோலாஸ் என்று பெயர். டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914-இல் முதலில் உருவானது, இப்போது நடப்பில் இருப்பது 1974-ஆம் ஆண்டு வடிவம். அதன் ஐந்தாம் அத்தியாயம், விதி 34-1: உயிர்ப் பாதுகாப்புக்கும் கடற்சூழல் பாதுகாப்புக்கும் தேவை என்று கேப்டன் தன் தொழிலறிவின்படி எடுக்கும் முடிவை, உரிமையாளரோ வாடகைக்கு எடுத்தவரோ நடத்தும் நிறுவனமோ வேறு எவருமோ தடுக்கக் கூடாது. இதோடு ஐ.எஸ்.எம். எனும் பாதுகாப்பு நிர்வாக விதித்தொகுப்பு 1998 ஜூலை முதல் பயணிகள் கப்பல்களுக்குக் கட்டாயம். கேப்டனுக்கே மேலான அதிகாரம் என்பதை நிறுவனமே தன் கையேட்டில் எழுத்தில் தர வேண்டும் என்கிறது அது. கரையில், நிறுவனத்தின் உச்ச நிர்வாகத்தை நேரடியாக அணுகக்கூடிய ஒரு பாதுகாப்பு அதிகாரியையும் நியமித்தாக வேண்டும்.

இனி, "போகாதே" என்று சொல்லக்கூடியவர்கள். ஒன்று, நிறுவனம். பெரிய நிறுவனங்கள் தங்கள் கப்பல்களைக் கரையிலிருந்து இருபத்துநான்கு மணி நேரமும் திரையில் கண்காணிக்கின்றன, வானிலை ஆலோசகர்களை வைத்திருக்கின்றன. அங்கிருந்து "ஒரு நாள் தாமதமாகக் கிளம்புங்கள்" என்று சொல்லலாம். இரண்டு, துறைமுகம். "பாம்பனில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்" என்று நாம் செய்தியில் கேட்கிறோமே, அது கப்பல்களுக்கான மொழி. 1, 2 என்றால் தூரத்தில் புயல் உருவாகிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே பாதிப்பு வரலாம். 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம், 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. வைகை அணையில் 66 அடியில் முதல் எச்சரிக்கை தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவதுபோலத்தான். கூண்டு உயர உயரத் துறைமுகம் கப்பல் போக்குவரத்தை நிறுத்தும். வழிகாட்டும் பைலட்டின் சிறு படகு அலையில் வெளியே வர முடியாவிட்டால், அதுவே போதும், கப்பல் உள்ளே வராது.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: புயல் நெருங்கும்போது துறைமுகம் கப்பலை வெளியே அனுப்பும். கட்டிப்போட்ட கப்பல் கயிறுகளை அறுத்துக்கொண்டு சுவரில் மோதும். நங்கூரத்தில் நிற்கும் கப்பல் நங்கூரத்தோடு கரைக்கு இழுபடும். 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில் 'பிரதிபா காவேரி' என்ற எண்ணெய்க் கப்பல் இப்படித்தான் சென்னைக் கரையோரம் தரைதட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கியவர்களின் படகு கவிழ்ந்து சிலர் இறந்தார்கள். கப்பலிலேயே இருந்தவர்கள் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார்கள். புயலில் கரை ஓரம் இருப்பது பாதுகாப்பு என்பது நிலத்தில் வாழும் நம் எண்ணம். கப்பலுக்கு ஆழமும் இடமும்தான் பாதுகாப்பு.

சரி, கேப்டன் எப்படி முடிவெடுக்கிறார்? புறப்படும் முன்பே, கட்டிய இடத்திலிருந்து அடுத்த கட்டும் இடம் வரை முழு வழித் திட்டம் எழுதி, அதில் கேப்டன் கையெழுத்திட வேண்டும். வட இந்தியப் பெருங்கடலுக்கான புயல் அறிக்கை இந்திய வானிலை ஆய்வு மையத்திலிருந்து வருகிறது. புயலாக மாறிய பின் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. கப்பலில் செயற்கைக்கோள் வழியாகவும், 518 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் நாவ்டெக்ஸ் கருவியிலும் அது அச்சாகும். காற்று 34 நாட், அதாவது மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் அதற்குப் 'புயல்' என்று பெயர். அதற்குக் கீழே தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம்.

மாலுமிகள் கையாளும் கணக்கு ஒன்று உண்டு, 1-2-3 என்பார்கள். 34 நாட் காற்று வீசும் வட்டத்தின் ஆரத்தோடு, 24 மணி நேர முன்னறிவிப்புக்கு 100 கடல் மைல், 48 மணி நேரத்துக்கு 200, 72 மணி நேரத்துக்கு 300 சேர்த்து, அந்த வட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. முன்னறிவிப்பு எவ்வளவு பிசகும் என்பதற்கான இடம் அது. புயலின் ஆரம் 100 மைல் என்றால், நாளை மறுநாள் அது இருக்கும் என்று சொல்லப்படும் இடத்திலிருந்து 300 மைல் தள்ளியே இருக்க வேண்டும். இது முடியக்கூடியதுதான். வங்கக்கடல் புயல் பெரும்பாலும் மணிக்கு 10 முதல் 20 கிலோமீட்டரில் நகரும், கப்பல் 18 நாட்டில், அதாவது 33 கிலோமீட்டரில் ஓடும். நேரத்தோடு கிளம்பினால் புயலால் கப்பலைப் பிடிக்க முடியாது.

எந்தப் பக்கம் விலகுவது என்பதும் முக்கியம். நம் வடகோளத்தில் புயல் போகும் திசைக்கு வலப்பக்கம் ஆபத்தான பாதி. அங்கே காற்றின் வேகத்தோடு புயலின் நகர்வும் சேர்கிறது, கப்பலைப் புயலின் பாதைக்கு முன்னால் தள்ளுகிறது. மேற்கு நோக்கித் தமிழகக் கரைக்கு வரும் புயலுக்கு வலப்பக்கம் என்றால் வடக்கு. காற்றுக்கு முகம் கொடுத்து நின்றால் புயலின் மையம் உங்கள் வலக்கைப் பக்கம் சற்றுப் பின்னே இருக்கும். நாளின் வழக்கமான ஏற்ற இறக்கத்தைக் கழித்த பிறகும் காற்றழுத்தம் 3 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும், 5 குறைந்தால் புயல் அருகில் என்று உறுதியாகக் கொள்ளலாம். புயலுக்கு முன்னால் குறுக்கே வெட்டிப் போகலாம் என்ற ஆசையை நல்ல கேப்டன் அடக்கிக்கொள்வார். சென்னை–இலங்கை வழியில் இது இன்னும் கூர்மையானது. பாக் நீரிணையும் சேது மணல்திட்டும் ஆழமில்லாதவை, பெரிய கப்பல் அந்தப் பக்கம் ஒதுங்க முடியாது. மேற்கே கரை. ஓட வழி கிழக்கும் தெற்கும்தான், புயல் வருவதோ பெரும்பாலும் அங்கிருந்துதான். அதனால் இங்கே முடிவு சீக்கிரம் எடுக்கப்பட வேண்டும்.

அதைவிடச் சீக்கிரமான முடிவு ஒன்று, ஓராண்டுக்கு முன்பே அட்டவணை போடும் மேசையில் நடந்துவிடுகிறது. 2022-லும் 2023-லும் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் ஜூன் மாதத்தில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. அப்போது தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிக்கும், நம் பக்கம் ஒப்பீட்டளவில் அடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை இதற்கு நேர்மாறு. மாதத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்களும் இந்த முடிவில் பங்கெடுக்கிறீர்கள்.

அப்பாவின் இரண்டாவது கேள்வி, காசுக்காக விட்டுவிடுவார்களா என்பது. நேரடியாக உத்தரவிட முடியாது. மறைமுக அழுத்தம் இருக்கத்தான் செய்யும்: திரும்பும் துறைமுகத்தில் அடுத்த இரண்டாயிரம் பேர் காத்திருப்பார்கள், எரிபொருள் செலவு, பயணிகளின் விமானம். ஆனால் பெரிய தவறுகள் நடந்த இடங்களைப் பார்த்தால், பேராசையைவிடப் பழைய தகவலும் கவனக்குறைவும்தான் அதிகம் தென்படுகின்றன. 2015 அக்டோபர் 1-இல் 'எல் ஃபாரோ' என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் யோவாக்கீன் சூறாவளியில் மூழ்கி 33 பேரும் இறந்தார்கள். கேப்டன் நம்பியிருந்த வானிலைப் படம் பல மணி நேரம் பழையது. இரவுக் காவலில் இருந்த அதிகாரிகள் பாதையை மாற்றலாம் என்று அழைத்துச் சொன்னார்கள். அவர் மாற்றவில்லை. மேலான அதிகாரம் ஒருவரிடமே இருப்பதன் மறுபக்கம் இது. 2016 பிப்ரவரியில் 'ஆந்தம் ஆஃப் த சீஸ்' என்ற பயணிகள் கப்பல் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு அப்பால், எதிர்பார்த்ததைவிட மிகக் கடுமையான புயலில் மாட்டி, உயிர்ச்சேதமின்றித் திரும்பியது. அதன் பிறகு அந்த நிறுவனம் தனக்கென்று ஒரு வானிலை வல்லுநரை நியமித்தது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2019 மார்ச் 23, நார்வே கடலில் 'வைக்கிங் ஸ்கை'. 1,373 பேர். புயலில் எல்லா எஞ்சின்களும் நின்று, பாறைகளுக்கு மிக அருகே கப்பல் இழுபட்டது. 450க்கும் மேற்பட்டோரை ஹெலிகாப்டரில் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். காரணம், எஞ்சின் எண்ணெய். தொட்டிகளில் 68 முதல் 75 சதவீதம் இருக்க வேண்டிய எண்ணெய், 28 முதல் 40 சதவீதமே இருந்தது. கப்பல் சாய்ந்து ஆடியபோது, கிணற்றில் தண்ணீர் வற்றியதும் மோட்டார் காற்றை இழுக்குமே, அப்படிப் பம்பு காற்றை இழுத்தது. பாதுகாப்புக் கருவி எஞ்சினை நிறுத்தியது. நான்கு ஜெனரேட்டர்களில் ஒன்று முன்பே பழுது. அந்த நிலையில் கப்பல் துறைமுகத்தைவிட்டே கிளம்பியிருக்கக் கூடாது என்றது விசாரணை அறிக்கை. ஆகவே "புயலில் போகலாமா" என்ற கேள்வியைக் கேப்டன் தலைமைப் பொறியாளரிடமும் கேட்டாக வேண்டும்.

மோசமான வானிலைக்குள் போவது தவிர்க்க முடியாதபோது, நீச்சல்குளத்தைக் காலி செய்வார்கள். தளும்பும் நீர் கப்பலின் நிலைத்தன்மையைக் குறைக்கும். நீர்புகாக் கதவுகள் மூடப்படும், வெளித்தளம் அடைக்கப்படும், லிஃப்ட் நிற்கும், கூடுதல் ஜெனரேட்டர் ஓடும். நீருக்குள் மீன் துடுப்புபோல நீளும் பக்கவாட்டுத் துடுப்புகள் இடவல ஆட்டத்தைப் பெரிதும் குறைக்கும். ஆனால் கப்பல் ஓடினால்தான் அவை வேலை செய்யும், கப்பலின் முன்பக்கமும் பின்பக்கமும் மாறி மாறி ஏறியிறங்கும் ஆட்டத்துக்கு அவற்றால் பயனில்லை. இவற்றில் எதையாவது பார்த்தால் பயப்பட வேண்டாம், முன்னேற்பாடு நடக்கிறது என்று பொருள்.

உங்களுக்குச் சில நடைமுறைகள். டிக்கெட் விதிகளைப் படியுங்கள்: வழியை மாற்றவும் ஒரு ஊரைத் தவிர்க்கவும் நிறுவனத்துக்கு உரிமை இருக்கும், அதற்குப் பெரும்பாலும் துறைமுகக் கட்டணம் மட்டுமே திரும்ப வரும். பயணக் காப்பீட்டை முன்பதிவு செய்த நாளிலேயே எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்குப் பொதுவாகச் செல்லாது. அப்பாவுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. குமட்டல் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, ஆட்டம் தொடங்கும் முன்பே கொடுங்கள். கிளம்பும்போது நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியில் ஏழு பேரும் நின்று கேளுங்கள்: ஏழு குட்டைச் சங்கொலி, பிறகு ஒரு நீண்ட ஒலி என்றால் உங்களுக்குக் குறித்த இடத்தில் கூட வேண்டும்.

பாண்டியனில் இரவு ஏறிக் காலையில் எழும்பூரில் இறங்கி, அன்றே கப்பல் ஏறும் திட்டம் வேண்டாம். மழைக்காலத்தில் ரயில் விழுப்புரத்திலோ செங்கல்பட்டிலோ நின்றுவிட்டால் கப்பல் காத்திருக்காது. ஒரு நாள் முன்னதாகவே சென்னை போய்விடுங்கள்.