பாலைவனப் போர்த் தொப்பிகள்: வாசகர் கேள்விகள்

இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் ஆப்பிரிக்கப் படையின் வெயில் தொப்பி ஒன்று இணையத்தில் விலைக்கு வந்திருக்கிறது. சின்னங்கள் பளபளக்கின்றன. வாங்கலாமா?

சின்னத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கழற்றி மாட்டக்கூடிய தகடு அது. போருக்குப் பின் வந்த சாதாரண வெயில் தொப்பியில் போலிச் சின்னத்தைக் குத்தி விற்பவர்கள் நிறைய. தொப்பியின் உள்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நெற்றியில் படும் தோல் பட்டையில் அளவு, ஆண்டு, தயாரித்தவர் முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள்.

1941 பிப்ரவரியில் ஜெர்மன் தளபதி ரோமலின் படை லிபியாவின் திரிப்போலியில் வந்திறங்கிய காலத்து முதல் வகை, தக்கையின் மேல் கேன்வாஸ் துண்டுகளை இணைத்துத் தைத்தது. விளிம்பில் தோல் கரை இருக்கும். அடுத்த வகை, ஒரே துண்டாக அழுத்திய ஃபெல்ட் (நெய்யாமல் அழுத்திச் செய்த துணி). தரைப்படைத் தொப்பியில் வலப்பக்கம் கறுப்பு-வெள்ளை-சிவப்புக் கேடயம், இடப்பக்கம் கழுகு. தகட்டுக்கு அடியில் துணி வெளுக்காமல் இருந்தால் நல்ல அறிகுறி. அதே சமயம், புதிதுபோல் இருக்கிறதே என்பதற்காக மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். வீரர்கள் சீக்கிரமே துணித் தொப்பிக்கு மாறிவிட்டதால், அதிகம் அணியாத அசல்களும் உண்டு.

பரணில் ஒரு பிரிட்டிஷ் தொப்பி கிடைத்தது. முதல் உலகப்போரில் மெசபடோமியா (இன்றைய ஈராக்) போனதா என்று எப்படி அறிவது?

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது வூல்ஸ்லி எனும் பிரிட்டிஷ் ராணுவ வெயில் தொப்பி வகை. மெசபடோமியா, பாலஸ்தீனம், எகிப்து எல்லாவற்றிலும் இதை அணிந்தார்கள். இந்தியக் கன்டோன்மென்ட்டுகளிலும் இதேதான். அதனால் வடிவத்தை வைத்துச் சொல்ல முடியாது. உள்ளே மையில் எழுதிய பெயரோ எண்ணோ இருக்கிறதா பாருங்கள். முதல் உலகப்போர்ப் பதக்கங்களின் விளிம்பில் வீரரின் பெயரைப் பொறித்திருப்பார்கள். வீட்டில் பதக்கமும் இருந்து இரண்டும் ஒத்துப்போனால், அது பெரிய சான்று. இந்திய வீரர்களில் பெரும்பாலானோர் தலைப்பாகைதான் கட்டினார்கள். ஆகவே இது ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்து வந்திருக்கவும் கூடும். அந்த மை எழுத்தைத் தயவுசெய்து துடைக்காதீர்கள்.

இத்தாலியத் தொப்பியில் இறகுக் கொத்து இருக்கிறது. பின்னால் ஒட்டியதா?

பெர்சாலியேரி என்ற இத்தாலியக் காலாட்படையினர் வெயில் தொப்பியிலும் இறகு வைத்தார்கள். இறகு மட்டுமே சந்தேகத்துக்குக் காரணமாகாது.

இந்த வெயில் தொப்பிகள் குண்டைத் தடுக்குமா?

தடுக்காது. வெயிலுக்கு மட்டும்தான். சண்டைக்கு இரும்புத் தொப்பி தனி.

சென்னை ஈரத்தில் எப்படிப் பாதுகாப்பது?

கழுவவே வேண்டாம். இந்தியாவில் செய்தவற்றில் நெட்டியும் உண்டு. தஞ்சாவூர்க் கலைப்பொருள் செய்கிற அதே நெட்டி, தண்ணீர் பட்டால் ஊறிவிடும். மென்மையான தூரிகையால் தூசு தட்டினால் போதும். தோலுக்கு எண்ணெய் தடவாதீர்கள், கறை துணியில் இறங்கும். விளிம்பு தரையில் படாமல், உள்ளே தாங்கும் தலை வடிவ மேடையில் வையுங்கள். வெயில் படாத, காற்றோட்டமான அறை நல்லது. அப்புறம், மாதம் ஒருமுறை பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் உலகப்போர் வூல்ஸ்லி ஒன்றை வெளிநாட்டில் உள்ள மகனுக்கு அனுப்பலாமா?

அவசரப்படாதீர்கள். 1972 தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த வரலாற்றுப் பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. முதலில் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, அது அந்த வரம்புக்குள் வருகிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.