ஜூ மிங்கின் தைச்சி (மெதுவான அசைவுகள் கொண்ட சீனத் தற்காப்புக் கலை) மரச்சிற்பங்களில் முகமும் விரல்களும் ஏன் தெளிவாக இல்லை? பாதியில் விட்டவையா?

இல்லை, முடிந்தவைதான். தைவான் சிற்பி ஜூ மிங் (1938–2023) 15 வயதிலேயே மரச்செதுக்குப் பட்டறையில் தொழில் பழகியவர். நுணுக்க வேலை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆசிரியர் யாங் யிங்ஃபெங் சொல்லித் தைச்சி பயின்ற பிறகு, அந்த நுணுக்கத்தை வேண்டுமென்றே விட்டார். முகத்தைச் செதுக்கினால் பார்வை அங்கேயே நின்றுவிடும். எடை எந்தக் காலில் இறங்குகிறது, இடுப்பு எப்படித் திரும்புகிறது என்பதல்லவா தைச்சி!

மரத்தை ரம்பத்தால் அறுத்து, நாரோட்டத்தில், அதாவது மரநார்கள் ஓடும் திசையில், பிளப்பார். பிளந்த பரப்பே ஆடை மடிப்பாகிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்த வேகம் செத்துப்போகும்.

நீங்கள் செய்து பார்ப்பதானால், முதலில் முறிவது நீட்டிய கைதான். கைகளைப் பக்கவாட்டில் நீட்டி நிற்கும் 'ஒற்றைச் சாட்டை' என்ற தைச்சி நிலையைச் செங்குத்தான கட்டையில் செதுக்கினால் நாரோட்டம் கைக்குக் குறுக்கே வரும். மெல்லிய கை தாங்காது. ஒன்று கையைத் தடிமனாக விடுங்கள், அல்லது நாரோட்டம் கையின் நீளவாக்கில் அமையும்படி கட்டையைக் கிடத்துங்கள். பின்னதில் கணுக்கால் பலவீனமாகும், அதனால் கால்களைப் பருமனாக விட வேண்டும். மரத்தின் நடுமையம் உள்ள துண்டு காயும்போது வெடிக்கும். அதைத் தவிர்த்து, வெட்டுமுனைகளில் மெழுகு பூசி நிழலில் உலர்த்துங்கள்.