வாசகர் கேள்வி: அணைத்த பெடலும் கரகரக்குமா?

கேள்வி: என்னுடையது பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பேஸ் கிட்டார். கம்ப்ரஸர், ஆக்டேவ், கோரஸ், ப்ரீஆம்ப் என நான்கு பெடல்களை (ஒலியை மாற்றும், காலால் இயக்கும் பெட்டிகள்) வரிசையாக இணைத்திருக்கிறேன். ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் எதுவும் இல்லை. ஆயினும் தடித்த இ கம்பியை ஓங்கி மீட்டினால் ஒலி உடைந்து கரகரக்கிறது. நான்கையும் அணைத்தாலும் போகவில்லை. எந்தப் பெடலை மாற்றுவது?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். பெடலின் விளக்கு அணைந்துவிட்டது என்பதற்காக அது வரிசையிலிருந்து விலகிவிட்டதாகக் கொள்ள முடியாது. பஃபர் (ஒலிச் சமிக்ஞை வலுவிழக்காமல் காக்கும் சிறு சுற்று) உள்ள பெடல்களில், அணைத்த பிறகும் ஒலி உள்ளிருக்கும் மின்சுற்றின் ஒரு பகுதியைக் கடந்தே வெளியேறும். ஆகவே கேபிளைக் கழற்றி, கிட்டாரை நேராக ஆம்ப்ளிஃபையரில் செருகி, அதே கம்பியை அதேபோல் ஓங்கி மீட்டிப் பாருங்கள்.

அப்போதும் கரகரத்தால் பெடல்கள்மேல் குற்றமில்லை. என் முதல் சந்தேகம் கிட்டாருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரிமீதுதான். அது தளரும்போது மெல்லிய மீட்டல் தெளிவாகவே கேட்கும். ஓங்கிய மீட்டலில் மட்டும் ஒலியலையின் முகடு வெட்டுப்பட்டுத் தட்டையாகும். நீங்கள் விவரிக்கும் குறி இதற்கு அப்படியே பொருந்துகிறது. பெரும்பாலான ஆக்டிவ் கிட்டார்களில் கேபிள் செருகியிருக்கும் நேரமெல்லாம், வாசிக்காவிட்டாலும், பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். புதிய பேட்டரி போட்டும் தீராவிட்டால், ஆம்ப்ளிஃபையரில் ஆக்டிவ் கிட்டாருக்கெனத் தனி உள்ளீடோ பொத்தானோ இருக்கிறதா என்று பாருங்கள்.

நேரடி இணைப்பில் ஒலி தெளிந்துவிட்டால், பெடல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஓங்கி மீட்டுங்கள். மென்மையாக வாசித்தபடி பெடல்களின் அளவுகளை அமைத்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் பிழை. கிட்டாரில் தாழ்ந்த ஒலிகளைக் கூட்டும் பேஸ் குமிழை 12 டெசிபெல் உயர்த்தினால் அந்தத் தாழ்ந்த சுரங்களின் மின்னழுத்தம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. 41 ஹெர்ட்ஸ் அளவில் அதிரும் இ கம்பிதான் அதனால் முதலில் எல்லை மீறுகிறது. அதற்குமேல் கம்ப்ரஸரின் வெளியீட்டையும் ஏற்றிவைத்தால் அடுத்த பெடல் தாங்காது. கடைசியிலுள்ள ப்ரீஆம்பில் ஒலியைக் குறைப்பதால் பயனில்லை, ஏனெனில் முன்னரே உடைந்த ஒலி உடைந்தபடியே சன்னமாகும். உடையும் இடத்துக்கு முந்தைய குமிழைத்தான் குறைக்க வேண்டும்.

நான்கு பெடல்களுக்கும் ஒரே அடாப்டர் என்றால், அவற்றுக்குத் தேவையான மில்லிஆம்பியரைக் கூட்டி, அடாப்டரில் அச்சிட்டுள்ள அளவோடு ஒப்பிடுங்கள்; மின்சாரம் போதாவிட்டாலும் ஒலி உடையலாம். அத்தகைய பெடலுக்கு 18 வோல்ட் கொடுத்தால், ஓங்கிய ஒலியை உடையாமல் தாங்கும் திறன் கூடக்கூடும் என்பது மெய்யே. ஆனால் 18 வோல்ட்டை ஏற்கும் என்று பெடலிலேயே குறிப்பிட்டிருந்தாலன்றி அதைச் செய்துவிடாதீர்கள், பெடல் கருகிவிடக்கூடும்.