பீபரைட், மோரனோசைட் என்ற கனிமங்கள்: இரண்டிலும் 7 நீர் மூலக்கூறுகள் இருந்தும் ஏன் வேறு வேறு பிரிவு? மதுரை வெயிலில் பீபரைட் மாதிரி வெளுப்பது ஏன்?

பிரிவைத் தீர்மானிப்பது நீரின் எண்ணிக்கை மட்டுமல்ல, படிக அமைப்பும்தான். இரண்டிலும் 6 நீர் மூலக்கூறுகள் உலோக அயனியைச் சூழ்ந்திருக்கும். ஏழாவது, ஹைட்ரஜன் பிணைப்பில் மட்டும் தங்கியிருக்கும். கோபால்ட் சல்பேட்டான பீபரைட், மூன்று அச்சுகளில் ஒரு கோணம் மட்டும் சாய்ந்த ஒற்றைச்சாய்வுப் படிகம். அதனால் இரும்புச் சல்பேட் கனிமமான மெலான்டரைட்டோடு சேரும். கனிமங்களைப் பிரிக்கும் ஸ்ட்ரன்ஸ் வகைப்பாட்டில் அதன் எண் 7.சிபி.35. நிக்கல் சல்பேட்டான மோரனோசைட், மூன்று அச்சுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தான செஞ்சாய்சதுரப் படிகம். நாம் பேதி உப்பு என்று வாங்கும் எப்சமைட்டின் குழு, 7.சிபி.40.

புதிதாக உடைத்த பீபரைட் ரோஜா நிறத்தில் கண்ணாடிபோல் மினுங்கும். 1 முதல் 10 வரை போகும் மோஸ் கடினத்தன்மை அளவில் 2தான். உலர்ந்த காற்றில் முதலில் கழல்வது அந்த ஏழாவது நீர். சுமார் 41 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஈரக்காற்றுகூட அதைக் காப்பாற்றாது. மதுரையில் மே மாதம் ஓட்டு வீட்டு அலமாரிக்குள் அந்தச் சூடு சர்வசாதாரணம். விளிம்பு மங்கி, மேலே வெளிறிய மாவு படியும். 6 நீர் மிஞ்சினால் அது மூர்ஹவுசைட், 4 என்றால் ஆப்லோவைட். அதாவது கனிமமே மாறிவிட்டது, லேபிள்தான் பழையது.

பலரும் புட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டுவிடுகிறார்கள். இங்கே அது கெடுதல், நீரை இன்னும் வேகமாக உறிஞ்சும். இறுக மூடிய சிறு குப்பியில், காற்றிடம் குறைவாக விட்டு, வீட்டிலேயே குளிர்ந்த மூலையில் வையுங்கள்.

எரித்ரைட் என்ற இன்னொரு கோபால்ட் கனிமமும் இதே நிறம்தான். ஒரு துணுக்கை நீரில் போடுங்கள்: பீபரைட் கரைந்து நீர் இளஞ்சிவப்பாகும், ஆர்சனேட்டான எரித்ரைட் கரையாது. இரண்டுமே நஞ்சு, கையுறை கட்டாயம், நாக்கில் வைத்துப் பார்க்கவே கூடாது.