வன்னி வெக்கையில் கடல்மீன் தொட்டி

விசுவமடுவிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார்: "என்னிடம் மூன்றடி நீளத் தொட்டி இருக்கிறது. இதுவரை தங்கமீன் வளர்த்தேன். இனி முருகைக்கல்லும் கடல்மீனும் வைக்க ஆசை. முல்லைத்தீவுக் கடல் கிட்டத்தான், தண்ணீரையும் கல்லையும் அங்கேயே எடுக்கலாமா? உப்புக்கு ஆனையிறவு உப்பைக் கரைத்தால் போதாதா? கரண்ட் போனால் என்ன செய்வது?"

தம்பி, முதலில் கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பிடிக்காத பதில் அதுதான். உயிரோடு இருந்தாலும் சரி, செத்துக் கரையொதுங்கியதாய் இருந்தாலும் சரி, முருகைக்கல்லை எடுப்பதும் கொண்டுபோவதும் நம் நாட்டில் குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். முருகைக்கல் வெறும் கல்லல்ல, பவளம் என்னும் உயிர். அதற்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது. தண்ணீர் அளவுக்கு மீறிச் சுட்டால் கல் அந்தப் பாசியை வெளியே துப்பிவிட்டு வெளுத்துப்போகும். 1998இல் கற்பிட்டிக்கு வெளியே கடலிலேயே அப்படி வெளுத்துச் செத்தது. கடலுக்கே தாங்காத சூட்டை தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் 180 லீற்றர் தண்ணீர் தாங்குமா? ஆகவே முதல் வருசம் மீன் மட்டும் வையுங்கள். கல்லுக்குப் பதிலாக, மீன்தொட்டிக்கென்று விற்கும் துளை நிறைந்த செயற்கைக் கல் போதும். உடைந்த பழைய ஓட்டுத் துண்டுகள்கூட உதவும், பூச்சு இல்லாததாய்ப் பாருங்கள்.

ஆனையிறவு உப்பு சரிவராது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்து முதலில் அடியில் படிந்துவிடும். அதற்குப் பிறகுதான் நாம் சாப்பிடும் உப்பு விளையும். மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் நின்றுவிடும், அதை வெளியே விட்டுவிடுவார்கள். அதனால் அந்த உப்பை எவ்வளவு கரைத்தாலும் கடல்நீர் திரும்ப வராது, உப்புத்தண்ணீர்தான் வரும். குழம்புக்கு அது அருமை, மீனுக்கு ஆகாது.

கடல்நீரையே எடுப்பது நல்ல யோசனைதான். கொழும்பில் தொட்டி வைத்திருப்பவர் கடல்நீர் கலக்கவென்று பொதியில் விற்கும் உப்பை வாங்கக் காசு கொட்டுகிறார், உங்களுக்குப் பக்கத்திலேயே கடல் கிடக்கிறது. ஆனால் களப்புத் தண்ணீர் கடலில் கலக்கும் நந்திக்கடல் வாய்ப்பக்கமோ நாயாற்றுப் பக்கமோ போகாதீர்கள், படகு இழுத்து வைக்கும் இடத்திலும் எடுக்காதீர்கள். ஒருமுறை கார்த்திகை மழை விட்ட மறுநாள் நான் அவசரப்பட்டு எடுத்து வந்தேன். பார்வைக்குத் தெளிவுதான், உப்பு பாதிகூட இல்லை. இரண்டு நாளில் மூன்று மீன் போயின. மாரியில் ஆற்று வெள்ளமும் வங்கக் கடலிலிருந்து இறங்கும் உப்புக் குறைந்த தண்ணீரும் நம் கரைக்கு வரும். கோடையில், கடல் அடங்கிய நாளில் எடுங்கள். சீலையில் வடித்து, பிளாஸ்டிக் பரலில் மூடி இருட்டில் இரண்டு கிழமை வையுங்கள். உப்பு 1,000இல் 35 பங்கு இருக்கவேண்டும். அளக்க ரிஃப்ராக்டோமீற்றர் வாங்குங்கள், நாக்கில் வைத்துப் பார்ப்பது அளவாகாது.

அப்புறம் சூடு. தண்ணீர் 25, 26 பாகையில் நின்றால் நல்லது, 28 வரை சமாளிக்கலாம், 30ஐத் தாண்டினால் ஆபத்து. சூடேறச் சூடேறத் தண்ணீரில் ஒட்சிசன் குறையும், மீனுக்கோ அப்போதுதான் அது கூடுதலாகத் தேவைப்படும். பனிக்கட்டிப் போத்தல் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 180 லீற்றர் தொட்டியில் இரண்டு லீற்றர் பனிக்கட்டி ஏறக்குறைய ஒரு பாகையைத்தான் இறக்கும். தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துச்செல்லும் வெப்பம் அதைவிடப் பெரிது: ஒரு லீற்றர் ஆவியானால் ஐந்து லீற்றர் பனிக்கட்டியின் வேலை நடந்துவிடும். ஆகவே மூடியைக் கழற்றி வலை போடுங்கள், கணினிக்குள் இருக்கும் சின்ன பான் (மின்விசிறி) இரண்டை நீர்மட்டத்தின்மேல் காற்று படும்படி வையுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் காற்று காய்ந்து கிடப்பதால் இது நன்றாக வேலை செய்யும். காற்று அசையாமல் வியர்த்துக் கொட்டும் சித்திரையில்தான் பான் தோற்கும், அந்த நாட்களுக்குப் போத்தலை வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியை ஓட்டுக் கூரை அறையில், வெயில் படாத சுவரோரம் வையுங்கள். நிறைந்தால் 200 கிலோவைத் தாண்டும், இரும்பு மேசை உப்பில் துருவேறும். வீட்டில் பழைய முதிரைச் சட்டம் கிடந்தால் அதில் மேசை அடியுங்கள்.

பான் போட்டால் தண்ணீர் குறையும், உப்பு குறையாது. இதைப் பலர் மறக்கிறார்கள். தினம் மூன்றரை லீற்றர் போனால் ஐந்து நாளில் 35 என்பது 39 ஆகிவிடும். குறைந்ததை நல்ல தண்ணீரால்தான் நிரப்பவேண்டும், கடல்நீரால் அல்ல. கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம். சுண்ணாம்பும் தோட்டத்துப் பசளையும் இறங்கியிருக்கும். ஊரில் கானில் விற்கும் ஆர்.ஓ. தண்ணீரை, அதாவது கரைந்த உப்புகளை வடித்தெடுத்த தண்ணீரை, வாங்குங்கள். கண்ணாடியில் பேனையால் ஒரு கோடு கீறி, காலையும் மாலையும் அந்தக் கோடுவரை ஊற்றினால் சரி.

கரண்ட் போனால் முதலில் வருவது மூச்சுத் திணறல்தான், சூடு அதற்குப் பிறகு. பற்றரியில் ஓடும் சின்ன காற்றுப் பம்பு ஒன்று போதும். அந்த இரண்டு மின்விசிறிகளையும் பன்னிரண்டு வோல்ற் பற்றரியில் இணைக்க முடிந்தால் இன்னும் நல்லது. கரண்ட் திரும்பும்வரை மீனுக்குச் சாப்பாடு போடவேண்டாம்.

மீன் வாங்க அவசரப்படாதீர்கள். தண்ணீர் ஊற்றி, பம்பை ஓடவிட்டு, ஒரு துண்டுப் பச்சை இறாலை வலைப் பையில் கட்டிப் போடுங்கள். அது அழுகி அமோனியா வரும். அதைத் தின்னும் பக்ரீரியா அந்தச் செயற்கைக் கல், ஓட்டுத் துளைகளில் குடியேற நாலு முதல் ஆறு கிழமை பிடிக்கும். கடல்நீரின் காரத்தன்மையிலும் நம்மூர்ச் சூட்டிலும் அமோனியாவின் நஞ்சு கூடும் என்பதால் இதில் குறுக்கு வழி கிடையாது. தண்ணீர்ச் சோதனைப் பெட்டியில் அமோனியாவும், பக்ரீரியா அதை மாற்றுவதால் வரும் நைத்திரைற்றும் சுழியம் காட்டியபின் இரண்டு கோமாளி மீன் விடலாம். தொட்டியில் பொரித்து வளர்த்ததாய்க் கேட்டு வாங்குங்கள், கடலில் கோமாளி மீன் ஒண்டியிருக்கும் கடற்சாமந்தி என்ற உயிர் அவற்றுக்குத் தேவையில்லை. கிழமைக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் போதும்.

அந்த ஆறு கிழமையும் பகல் இரண்டு மணிக்குத் தொட்டியின் வெப்பத்தைக் கொப்பியில் எழுதி வையுங்கள். 29 தாண்டிய நாட்கள் எத்தனை என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். எந்த மீன் என்று அப்போது பேசலாம்.